பழைய வால்வு டி.வி.யும் பதினாறாயிரம் வோல்ட்டும்

பரணில் தாத்தா காலத்து டி.வி. பெட்டி ஒன்று கிடந்து, அது ஓடுமா என்று பார்க்கும் ஆசை உங்களுக்கு வந்திருந்தால், பிளக்கைச் சொருகுவதற்கு முன் இக்கட்டுரையை ஒருமுறை படித்துவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். கிடர்பூரில் பல ஆண்டுகள் ரேடியோ, டி.வி. பழுது பார்த்தவன் என்பதால் சங்க அன்பர்கள் என்னிடம் இதைப் பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். கேட்பவர்கள் பெரும்பாலும் இளைஞர்கள். யூடியூபில் நாலு காட்சி பார்த்துவிட்டு ஸ்க்ரூ டிரைவரோடு உட்கார்ந்துவிடுகிறார்கள். அவர்களுடைய ஆர்வம் எனக்கு மகிழ்ச்சி தருகிறது. ஆனால் இந்தப் பெட்டிக்குள் எது ஆளைக் கொல்லும், எது வெறுமனே உலுக்கிவிட்டுப் போகும் என்று தெரியாமல் கை வைப்பதுதான் கவலையாக இருக்கிறது.

கல்கத்தாவில் தூர்தர்ஷன் ஒளிபரப்பு 1975 ஆகஸ்ட் 9-ஆம் தேதி தொடங்கியது. சென்னைக்கு டி.வி. வந்தது அதற்கு ஆறு நாள் கழித்து, ஆகஸ்ட் 15 அன்று. ஊரில் இருக்கும் சொந்தக்காரர்களை நாம் முந்திக்கொண்டது அநேகமாக அந்த ஒரு விஷயத்தில்தான்! கார்டன் ரீச் ரயில்வே குவார்ட்டர்ஸிலும் கிடர்பூர் துறைமுகத்தை ஒட்டிய தெருக்களிலும் இருந்த நம்மவர்களில் பெட்டி வாங்கியவர் சிலர். மற்றவர்கள் பாயோடு அந்த வீட்டுக்குப் போனார்கள். பின்னர் ஞாயிறு பிற்பகல்களில் மாநில மொழிப் படங்கள் வரத் தொடங்கி, தமிழ்ப் படத்தின் முறை வந்த நாளில் அந்த வீட்டு வாசலில் செருப்பு வைக்க இடம் இருக்காது. அந்தப் பெட்டிகளைத் தூக்கிப் போட மனம் வராமல் பலர் இன்னும் வைத்திருப்பதன் காரணம் இதுதான்.

அக்காலத்தில் நம் நாட்டில் செய்த கறுப்பு வெள்ளைப் பெட்டிகளில் பல கலப்பு வகையைச் சேர்ந்தவை. ஒலிக்கும் சிக்னலுக்கும் டிரான்சிஸ்டர் இருக்கும். வேலை கடினமான இடங்களில் வால்வு இருக்கும். நாம் இங்கே பேசப்போவது அந்தக் கடினமான இடத்தைப் பற்றி. மெக்கானிக்குகள் அதை ஈ.எச்.டி. என்பார்கள்.

படக்குழாயின் பின்கழுத்திலிருந்து கிளம்பும் எலக்ட்ரான்கள் முன்கண்ணாடியின் உட்பூச்சில் வேகமாக மோதினால்தான் வெளிச்சம் வரும். அவற்றை இழுப்பதற்குக் குழாயின் பக்கவாட்டில் உள்ள பொத்தானில் பதினைந்தாயிரம் முதல் பதினெட்டாயிரம் வோல்ட் வரை வேண்டும். வீட்டுக்கு வரும் 230 வோல்ட்டிலிருந்து இதை நேராக எடுப்பதில்லை. படத்தைக் கோடு கோடாக வரையும் வேலையிலிருந்தே இது பக்க விளைச்சலாகக் கிடைக்கிறது.

நம் முறையில் ஒரு படத்துக்கு 625 கோடுகள், வினாடிக்கு 25 படங்கள். பெருக்கினால் வினாடிக்கு 15,625 கோடுகள். அதாவது ஒரு கோட்டுக்கு 64 மைக்ரோ வினாடி. அதில் ஏறத்தாழ 12 மைக்ரோ வினாடிக்குள் ஒளிப்புள்ளி வலக்கோடியிலிருந்து இடக்கோடிக்குத் தாவித் திரும்ப வேண்டும். அதற்காக லைன் டிரான்ஸ்ஃபார்மரில் ஓடிக்கொண்டிருக்கும் மின்னோட்டம் சட்டென்று அறுபடுகிறது. மாடித் தொட்டியிலிருந்து வேகமாக வரும் தண்ணீரைக் குழாயில் டக்கென்று மூடினால் சுவரெல்லாம் 'தட்' என்று அதிருமல்லவா? ஓடும் தண்ணீர் நிற்க மறுத்துக் குழாயை முட்டுகிறது. சுருளில் ஓடும் மின்னோட்டமும் அப்படித்தான் முட்டுகிறது. அந்த முட்டல்தான் ஆயிரக்கணக்கான வோல்ட். டிரான்ஸ்ஃபார்மரின் மேல் டயர் போல உட்கார்ந்திருக்கும் சுருள் அதை இன்னும் உயர்த்துகிறது. ஒரு ரெக்டிஃபையர் அதை ஒருவழி மின்சாரமாக்கிப் படக்குழாய்க்கு அனுப்புகிறது.

இந்தக் காரியத்தில் மூன்று வால்வுகளுக்குப் பங்கு உண்டு. மின்னோட்டத்தை ஓட்டி அறுப்பது பி.எல்.504. அறுபட்டபின் மிஞ்சும் சக்தியைப் பிடித்து மறுபடி பயன்படுத்துவது பி.ஒய்.88. உச்ச மின்னழுத்தத்தை ஒருவழிப்படுத்துவது டி.ஒய்.802. சில பெட்டிகளில் கடைசி வால்வுக்குப் பதிலாகக் குச்சி போன்ற செலினியம் ரெக்டிஃபையர் இருக்கும். இவற்றுக்கு முன்னால், பி.எல்.504-க்குத் தாளம் போட்டுக் கொடுக்க ஒரு ஆசிலேட்டர் வால்வு உண்டு. பல பெட்டிகளில் அது பி.சி.எஃப்.802. ஈ.எச்.டி. வரவில்லை என்றால் இந்தச் சங்கிலியில் எங்கோ ஒரு கண்ணி அறுந்திருக்கிறது என்று பொருள்.

எந்தக் கண்ணி என்பதைப் பெட்டியின் பின்மூடியைக் கழற்றும் முன்பே பாதி கண்டுபிடித்துவிடலாம். ஒலியும் இல்லை, வால்வுகளில் ஒளியும் இல்லை என்றால் பழுது ஈ.எச்.டி.யில் இல்லை. இப்பெட்டிகளில் வால்வு ஹீட்டர்கள் எல்லாம் துர்கா பூஜைப் பந்தல் சீரியல் பல்பு போல ஒரே வரிசையில் கோக்கப்பட்டவை. ஒன்று போனால் அத்தனையும் அணையும். ஒலி நன்றாக வருகிறது, திரை மட்டும் இருட்டு என்றால்தான் நம் பாடம் தொடங்குகிறது.

முதல் கருவி காது. 15,625 முறை அதிரும் டிரான்ஸ்ஃபார்மர் கொசு ரீங்காரத்தைவிடக் கூர்மையாக ஒரு விசில் எழுப்பும். நடுவயதைத் தாண்டியவர்களுக்குப் பெரும்பாலும் அது கேட்காது. எனக்கும் கேட்காமல் போய் வெகுகாலமாயிற்று. அதனால் பேத்தியை வாசலில் நிற்கவைத்து, "பாப்பா, விசில் கேட்குதா?" என்று கேட்டுவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவேன். விசில் இருந்தால் ஆசிலேட்டரும் பி.எல்.504-ம் ஏதோ ஒரு அளவில் உழைக்கின்றன என்று அறியலாம்.

அடுத்த கருவி கண். அறையை இருட்டாக்கி, எதையும் தொடாமல், கூண்டின் துளை வழியே டி.ஒய்.802-ஐப் பாருங்கள். அதன் ஹீட்டருக்கு வேண்டியது வெறும் 1.4 வோல்ட். அது மற்ற வால்வுகளின் வரிசையில் இல்லை. டிரான்ஸ்ஃபார்மரைச் சுற்றி ஓரிரு சுற்று கம்பி போட்டு அதிலிருந்தே எடுத்திருப்பார்கள். எனவே லைன் பகுதி ஓடினால்தான் அது மங்கலான ஆரஞ்சு நிறத்தில் ஒளிரும். "இந்த வால்வு எரியவில்லை, செத்துவிட்டது" என்று புதியது வாங்கப் போகிறவர்கள் பலர். அது எரியாததற்குக் காரணம் முன்னால் இருக்கும் கண்ணியாகவும் இருக்கலாம் என்பதை நினைவில் கொள்ளவும்.

பிறகு பி.எல்.504. அதன் உள்தகடு கருமையாக இருக்க வேண்டும். அது செர்ரிப் பழம் போலச் சிவக்கத் தொடங்கினால் யோசிக்காமல் உடனே சுவிட்சை அணைத்துவிடுங்கள். இந்த வால்வை அடக்கி வைக்கும் எதிர்மின்னழுத்தம், ஆசிலேட்டர் தரும் தாளத்திலிருந்தே கிரிட்டில் உண்டாகிறது. தாளம் நின்றால் கடிவாளமும் போய்விடும். வால்வு கட்டுக்கடங்காமல் மின்சாரம் இழுத்துத் தானும் வெந்து, கிடைத்தற்கரிய டிரான்ஸ்ஃபார்மரையும் வேகவைக்கும். அதே வால்வில் தகடு கறுப்பாகவே இருக்க, நடுவே உள்ள ஸ்கிரீன் கிரிட் கம்பிகள் மட்டும் சிவந்தால், தகட்டுக்கு மின்சாரம் வரவில்லை என்று பொருள். பி.ஒய்.88-ஐச் சந்தேகிக்கலாம், ஏனென்றால் அதன் வழியாகத்தான் அது வருகிறது.

மூன்றாவது மூக்கு. மின்னல் அடித்தபின் வருமே, அதுபோன்ற ஓசோன் வாடையும், 'ஸ்ஸ்' என்ற ஓசையும், இருட்டில் ஊதா நிறக் கசிவும் தெரிந்தால் ஈ.எச்.டி. பிறக்கிறது, ஆனால் வழியில் ஒழுகுகிறது. ஹூக்ளிக் கரையில் வசிக்கும் நமக்கு ஆடி ஆவணியில் இது சகஜம். பத்தாண்டுத் தூசியில் ஈரம் ஏறினால் அதுவே ஒரு கம்பி மாதிரி ஆகிவிடுகிறது. மழைக்காலத்தில் எந்தப் பழைய பெட்டியையும் நான் போட்டுப் பார்ப்பதில்லை. காற்று உலர்ந்திருக்கும் டிசம்பர், ஜனவரிதான் அதற்கு ஏற்ற காலம்.

இனி ஆபத்தைப் பற்றி. பதினாறாயிரம் வோல்ட் என்றதும் எல்லோரும் படக்குழாயின் பொத்தானைப் பார்த்துத்தான் பயப்படுகிறார்கள். கணக்குப் போட்டால் வேறுவிதமாக இருக்கிறது. படக்குழாயின் கண்ணாடியும் அதன் உள்ளும் புறமும் உள்ள கரிப்பூச்சும் சேர்ந்து ஒரு கண்டென்சர் போல மின்னூட்டத்தைப் பிடித்து வைக்கும். இரண்டாயிரம் பிக்கோஃபாரட் என்று கொண்டால், பதினாறாயிரம் வோல்ட்டில் அதில் சேரும் சக்தி ஏறக்குறைய கால் ஜூல். பவர் சப்ளையில் உள்ள 200 மைக்ரோஃபாரட் கண்டென்சரில் 230 வோல்ட் இருந்தால் ஐந்து ஜூலுக்கு மேல். இருபது மடங்கு! படக்குழாய் அடித்தால் கை உதறிக்கொண்டு பின்னால் போய்ச் சுவரில் மோதலாம், அல்லது முழங்கை பட்டுக் குழாயின் கழுத்து உடையலாம். உள்ளே வெற்றிடம் இருப்பதால் கண்ணாடித் துண்டுகள் பறக்கும். அதுவும் சாதாரண விஷயமில்லை. ஆனால் உயிருக்கு உலை வைப்பது பெரும்பாலும் யாரும் அஞ்சாத அடித்தகடுதான்.

இப்பெட்டிகள் பலவற்றில் மெயின் டிரான்ஸ்ஃபார்மரே கிடையாது. வீட்டு மின்சாரத்தின் ஒரு கம்பி நேராகச் சேஸிஸ் என்னும் உலோகத் தகட்டில் இணைக்கப்பட்டிருக்கும். இரண்டு முனை பிளக்கைத் திருப்பிச் சொருகினால் சேஸிஸ் முழுவதும் 230 வோல்ட். இதயத்தின் வழியே சில பத்து மில்லி ஆம்பியர் போனாலே போதும், துடிப்பு தாளம் தப்பிவிடும். "ஸ்டெபிலைசர் வைத்திருக்கிறேனே" என்பார்கள். எழுபது, எண்பதுகளில் இங்கே மின்னழுத்தம் ஏறி இறங்கிய காலத்தில் வீட்டுக்கு வீடு வாங்கிய அந்த ஸ்டெபிலைசர்கள் பெரும்பாலும் ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மர் வகை. அவை வோல்ட்டைச் சரிசெய்யும், மெயினிலிருந்து நம்மைப் பிரிக்காது. பிரிப்பதற்கு ஒன்றுக்கு ஒன்று என்ற அளவில் சுற்றிய ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் தனியாக வேண்டும். அது இல்லாமல் மூடி கழற்றிய பெட்டியில் மின்சாரத்தோடு வேலை செய்ய நான் யாரையும் அனுமதிப்பதில்லை. செலவு அதிகம் என்று சொல்பவர்களிடம், அப்படியானால் பெட்டியை அலங்காரமாக வைத்துக்கொள்ளுங்கள் என்பேன்.

வேலைக்கு முன் பிளக்கை உருவி விட்டு, சிறிது நேரம் பொறுத்து, முதலில் பவர் சப்ளைக் கண்டென்சர்களை ஒரு ரெசிஸ்டர் வழியாகக் காலி செய்து மீட்டரில் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு படக்குழாய். நல்ல கைப்பிடியுள்ள நீண்ட ஸ்க்ரூ டிரைவரின் தண்டில் ஒரு கம்பியைக் கட்டி, மறுமுனையைக் குழாயின் வெளிப்பூச்சை அணைத்துச் செல்லும் பின்னல் கம்பியில் மாட்டி, ரப்பர் மூடிக்கு அடியில் மெதுவாகச் செலுத்த வேண்டும். ஒரு கை முதுகுக்குப் பின்னால் இருக்கட்டும். 'டப்' என்று ஒருமுறை அடித்ததும் முடிந்துவிட்டதாக நினைக்கக் கூடாது. கண்ணாடிக்கு ஒரு குணம் உண்டு. காலி செய்தபின்னும் சில நிமிடங்களில் மிச்ச மின்னூட்டம் மறுபடி தலை தூக்கும். இரண்டு, மூன்று முறை செய்வதுதான் முறை.

சென்ற குளிர்காலத்தில் எங்கள் பகுதியில் ஒரு பெண், "மாமா, தாத்தா வாங்கின பெட்டி. அப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம் வருது. அன்னிக்கு ஒரு தடவை ஓடினாப் போதும்" என்று கேட்டாள். அந்தப் பெட்டியை நாங்கள் எப்படி ஆராய்ந்தோம் என்று சொன்னால் மேலே சொன்னதெல்லாம் ஒன்று சேரும்.

பவர் சப்ளையை முதலில் சரிசெய்து, ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் வைத்துப் போட்டோம். இரைச்சலாக ஒலி வந்தது. திரை இருட்டு. விசில் இல்லை என்று அந்தப் பெண்ணே காது கொடுத்துச் சொன்னாள். அரை நிமிடத்தில் பி.எல்.504 சிவக்கத் தொடங்கியது. அணைத்தோம். ஆக, ஆசிலேட்டர் தாளம் போடவில்லை, அல்லது போட்ட தாளம் வந்து சேரவில்லை.

இதை அளக்க மின்சாரம் வேண்டும். மின்சாரம் கொடுத்தால் வால்வு வேகும். வால்வைப் பிடுங்கலாம் என்றால் ஹீட்டர் வரிசை அறுந்து எல்லாமே அணையும். இதற்கு ஒரு வழி உண்டு. பிளக்கை உருவி எல்லாவற்றையும் காலி செய்தபின், பி.எல்.504-ன் ஸ்கிரீன் கிரிட்டுக்குப் போகும் ரெசிஸ்டரின் ஒரு காலைக் கழற்றிவிட வேண்டும். அப்போது ஹீட்டர் எரியும், ஆனால் வால்வு மின்சாரம் இழுக்காது. நிதானமாக அளக்கலாம். கிரிட்டில் நாற்பது, ஐம்பது வோல்ட் எதிர்மின்னழுத்தம் காட்ட வேண்டிய இடத்தில் மீட்டர் முள் அசையவில்லை. பின்னோக்கிப் போய் பி.சி.எஃப்.802-ன் ஆனோடில் வைத்தேன். அங்கும் ஒன்றுமில்லை. அதற்கு மின்சாரம் கொண்டுவரும் கார்பன் ரெசிஸ்டர் உள்ளுக்குள் அறுந்திருந்தது. வெளியே பார்த்தால் பளபளவென்று வண்ணக் கோடுகளோடு புதுசு போல இருக்கிறது! சில ரூபாய் பெறுமானமுள்ள அதை மாற்றியதும் கிரிட்டில் மின்னழுத்தம் வந்துவிட்டது. ஸ்கிரீன் ரெசிஸ்டரை மறுபடி பற்றவைத்தோம்.

ரெசிஸ்டருக்குப் பதிலாக, ஆசிலேட்டரையும் பி.எல்.504-ஐயும் இணைக்கும் கண்டென்சர் ஒழுகினாலும் ஏறக்குறைய இதே சிவப்பு தெரியும். அதைச் சாதாரண மீட்டரின் ஓம் அளவில் சோதித்தால் நல்லது போல நடிக்கும், ஏனெனில் மீட்டரின் பேட்டரி ஒன்றிரண்டு செல்தான். நூறு, இருநூறு வோல்ட்டில்தான் அதன் குட்டு வெளிப்படும். பழைய காகிதக் கண்டென்சராக இருந்தால் சோதித்துக்கொண்டிருக்காமல் மாற்றிவிடுவதே என் வழக்கம். பி.ஒய்.88-ஐ ஒட்டிய பூஸ்ட் கண்டென்சரையும் அப்படியே, குறைந்தது ஆயிரம் வோல்ட் தாங்கும் ரகமாகப் பார்த்து மாற்றிவிடுவேன். மீட்டரைப் பற்றி இன்னொன்று: பி.எல்.504-ன் தலையில் உள்ள உலோகத் தொப்பியில் எக்காரணம் கொண்டும் அதை வைக்காதீர்கள். அங்கே துடிக்கும் உச்சம் ஏழாயிரம் வோல்ட் வரை போகும். மீட்டர் போவதோடு நின்றால் அதிர்ஷ்டம். சில மெக்கானிக்குகள் அங்கே ஸ்க்ரூ டிரைவரை நீட்டிப் பொறி பறக்கிறதா என்று பார்ப்பார்கள். எனக்கு அந்தப் பழக்கம் பிடிக்காது. நியான் டெஸ்டரைக் கூண்டுக்கு வெளியே, தொடாமல், சற்று தள்ளிப் பிடித்தாலே அது மினுங்கும். அதற்குமேல் சாட்சி தேவையில்லை.

மறுபடி போட்டோம். இம்முறை அவள் காதைப் பொத்திக்கொண்டாள். விசில்! டி.ஒய்.802 மங்கலாக ஒளிர்ந்தது. திரையில் சாம்பல் நிற வெளிச்சம் பரவியது. ஆனால் கூடவே 'டிக் டிக்' என்று ஓசையும், திரையில் அங்கங்கே புள்ளி வரிசையும். அணைத்து, காலி செய்து, ரப்பர் மூடியைக் கழற்றினால் உள்ளே கருமை படிந்த தூசி. ஸ்பிரிட்டில் துடைத்து, நன்றாக ஆவியாகும் வரை காத்திருந்தோம். ஸ்பிரிட் காயாமல் பெட்டியைப் போட்டால் தீப்பிடிக்கும்.

மூன்றாவது குறை அதற்குப் பிறகு தெரிந்தது. பிரைட்னஸைக் கூட்டக் கூட்டப் படம் பலூன் மாதிரி ஊதிப் பெரிதாகி மங்கியது. வெளிச்சம் அதிகமானால் ஈ.எச்.டி.யிலிருந்து மின்னோட்டமும் அதிகம் வேண்டும். கொடுக்க இயலாமல் மின்னழுத்தம் சரிகிறது. சரிந்தால் எலக்ட்ரான்களின் வேகம் குறைந்து அவை அதிகமாக வளைகின்றன. அதனால்தான் படம் ஊதுகிறது. இதற்குப் பெரும்பாலும் காரணம் சோர்ந்துபோன டி.ஒய்.802. பழைய சரக்கில் ஒன்று என்னிடம் இருந்தது, போட்டதும் சரியாயிற்று. இதுவே படம் ஊதாமல் இரு பக்கமும் ஒடுங்கியிருந்தால் பி.எல்.504 சோர்ந்திருக்கலாம், அல்லது வீட்டு மின்னழுத்தமே குறைவாக இருக்கலாம். லோடு ஷெடிங் காலத்தில் மாலையில் மின்சாரம் திரும்பி வந்தவுடன், எண்பதுகளில், பல வீடுகளில் படம் இப்படி ஒடுங்கித்தான் தெரியும். அதற்குப் பெட்டியைக் குறை சொல்லிப் பயனில்லை.

எல்லாம் மாற்றியும் பி.எல்.504 சிவந்துகொண்டே இருந்தால், டிரான்ஸ்ஃபார்மருக்குள்ளேயே சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். அதோடு நிறுத்திக்கொள்வது நல்லது. அதே மாதிரி டிரான்ஸ்ஃபார்மர் இன்று கிடைப்பது அரிது. வேறு மாதிரியைப் பொருத்தினால் சரியாக ஓடாது.

அறுபதாம் கல்யாணத்தன்று காட்டுவதற்குப் படம் வேண்டுமே என்ற கேள்வி அப்புறம் வந்தது. தூர்தர்ஷனின் பழைய அனலாக் ஒளிபரப்பு இங்கே நின்றுவிட்டது. ஆண்டெனா வைத்தால் எறும்பு ஊர்வதுதான் தெரியும். படத்தைப் பழைய அலையாக மாற்றித் தரும் சிறு மாடுலேட்டர் பெட்டி ஒன்று வேண்டும். வாங்கும்போது வி.எச்.எஃப். ரகமா என்று கேட்டு வாங்குங்கள். அக்காலப் பெட்டிகள் பல யு.எச்.எஃப். பிடிக்காது. அதன் ஒயரைச் சொருகும் முன் டி.வி.யின் ஆண்டெனா துளைக்குப் பின்னால் உள்ள இரு சிறு கண்டென்சர்களை அவசியம் மாற்ற வேண்டும். நேரடி மெயின் சேஸிஸை வெளியுலகிலிருந்து பிரித்து வைத்திருப்பவை அவை மட்டுமே. அவை ஒழுகினால், ஒரு காலத்தில் மொட்டை மாடியில் துணி உலர்த்தப் போனவர்களுக்கு ஆண்டெனாக் குழாயில் 'சுர்ர்' என்று அடித்ததே, அதே மின்சாரம் இப்போது மாடுலேட்டர் வழியாக அதோடு இணைத்த பெட்டிக்கும், அதைத் தொடும் கைக்கும் வரும். மெயின் மின்சாரத்துக்கென்றே செய்யப்படும் ஒய் வகைப் பாதுகாப்புக் கண்டென்சர் என்று கடையில் கேளுங்கள். கையில் கிடைத்த வேறு எதையும் அங்கே பொருத்த வேண்டாம்.